எஃப் டேஷின் படத்தை வினாத்தாளிலிருந்து நீக்காதீர்கள்

எங்கள் பகுதி மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பொதுவான பிளஸ் டூ கணிதத் திருப்புதல் தேர்வு வினாத்தாளைத் தயாரிக்கும் குழுவினருக்கு,

இரண்டாம் திருப்புதல் தேர்வின் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றை நீங்கள் ரத்து செய்துவிட்டீர்கள். விடைத்தாளில் அந்தக் கேள்வி எண்ணை மட்டும் எழுதியிருந்தால்கூட ஐந்து மதிப்பெண்ணையும் போட்டுவிடும்படி திருத்துபவர்களுக்குச் சொல்லிவிட்டீர்கள். அதோடு நிற்காமல், வகைக்கெழுவின், அதாவது ஒரு சார்பு மாறும் வேகத்தின், வரைபடத்தைக் கொடுத்து மூலச் சார்பைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இனி எந்தத் தேர்விலும் வைக்க வேண்டாம் என்றும் குறிப்பு அனுப்பியிருக்கிறீர்கள். இது பாடநூலில் இல்லை, மெல்லக் கற்போர் பாதிக்கப்படுகிறார்கள், படம் அச்சில் தெளிவாக வருவதில்லை, திருத்தும்போது ஆளுக்கொரு மதிப்பெண் விழுகிறது என்று நான்கு காரணங்கள் சொல்கிறீர்கள். முதல் முடிவு, நடந்து முடிந்த ஒரு தேர்வோடு போய்விடும். இரண்டாவது, இனி வரும் ஒவ்வொரு பிளஸ் டூ வகுப்பையும் தொடும். அதை ஏற்க முடியாததால்தான் இந்த மடல்.

வகுப்பறையில் எல்லோரும் சொல்வதுபோலவே சார்பை எஃப் என்றும், முதல் வகைக்கெழுவை எஃப் டேஷ் என்றும், இரண்டாம் வகைக்கெழுவை எஃப் டபுள் டேஷ் என்றும் எழுதுகிறேன்.

ரத்தான கேள்வியை முதலில் முழுமையாகப் பார்த்துவிடுவோம். எக்ஸ் 0 முதல் 10 வரை எஃப் டேஷின் வரைபடம் கொடுக்கப்பட்டிருந்தது. (0, 3), (5, −2), (7, 0), (8, −1), (10, 1) என்ற ஐந்து புள்ளிகளை வரிசையாக நேர்கோட்டுத் துண்டுகளால் இணைத்த படம். எஃப்(0) = 2 என்ற ஒரு தகவல் கூடுதலாக உண்டு. எஃப் எங்கே இறங்குகிறது, 0க்கும் 10க்கும் நடுவே இடஞ்சார்ந்த பெருமமும் சிறுமமும் எங்கே, எக்ஸ் = 7இல் என்ன நடக்கிறது, வளைவு மாற்றப் புள்ளிகள் (வளைவு குழியும் திசை மாறும் இடங்கள்) எவை, எஃப்பின் மிகச் சிறிய மதிப்பு என்ன? இவ்வளவுதான் கேள்வி.

விடை காண ஒரு சூத்திரமும் தேவையில்லை. எஃப் டேஷின் கோடு கிடை அச்சுக்கு மேலே இருக்கும் வரை எஃப் ஏறும், கீழே இருக்கும் வரை எஃப் இறங்கும். அந்தக் கோடே ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோடு 0 முதல் 3 வரை அச்சுக்கு மேலே இருக்கிறது. 3இல் அச்சை வெட்டிக் கீழே போகிறது. 7இல் வந்து அச்சைத் தொட்டுவிட்டு மறுபடியும் கீழேயே திரும்புகிறது. 9இல்தான் அச்சை வெட்டி மேலே வருகிறது. ஆகவே எஃப் 3 முதல் 9 வரை இறங்குகிறது. 3இல் குறி மிகையிலிருந்து குறைக்கு மாறுவதால் அங்கே பெருமம். 9இல் குறையிலிருந்து மிகைக்கு மாறுவதால் அங்கே சிறுமம். 7இல் எஃப் டேஷ் பூச்சியம்தான், ஆனால் குறி மாறவில்லை. எஃப் இறங்கிக்கொண்டே வந்து அந்த ஒரு புள்ளியில் மட்டும் தொடுகோடு கிடையாகப் படுத்து, மேலும் இறங்குகிறது. அதனால் அது தேக்கநிலைப் புள்ளி மட்டுமே. பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை.

எஃப் டேஷின் கோட்டுக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள பரப்புதான் எஃப் ஏறும் அல்லது இறங்கும் அளவு. ஆகவே மதிப்புகளுக்குக் கட்டங்களை எண்ணினால் போதும். 0 முதல் 3 வரை அச்சுக்கு மேலே உள்ள முக்கோணத்தின் பரப்பு 4.5. எஃப் 2இல் தொடங்குவதால் எஃப்(3) = 6.5. அடுத்து 3 முதல் 7 வரை அச்சுக்குக் கீழே 4 அலகு அடியும் 2 அலகு உயரமும் கொண்ட முக்கோணம். பரப்பு 4, எனவே எஃப்(7) = 2.5. பிறகு 7 முதல் 9 வரை பரப்பு 1, எஃப்(9) = 1.5. கடைசியாக 9 முதல் 10 வரை அச்சுக்கு மேலே 0.5, எஃப்(10) = 2. மிகச் சிறிய மதிப்பு 1.5. முனைப் புள்ளியான எஃப்(0) = 2 இதற்கு மிக அருகில் வைக்கப்பட்டிருந்தது வேண்டுமென்றேதான். முனைகளையும் சேர்த்து ஒப்பிட வேண்டும் என்பதை மாணவர் மறக்கிறாரா என்று அதில்தான் தெரியும்.

இனி விடைத்தாள்களில் வந்தது என்ன என்று பார்ப்போம். மிகுதியாக வந்த தவறு, "எஃப் 0 முதல் 5 வரை இறங்குகிறது, பெருமம் எக்ஸ் = 0, சிறுமம் எக்ஸ் = 5" என்பது. கொடுத்த படத்தை எஃப்பின் படமாகவே படித்துவிட்டார்கள். தலைப்பில் எஃப் டேஷ் என்று இருந்தும், கண் அதைத் தாண்டிப் போய் உச்சியையும் பள்ளத்தையும் தேடியிருக்கிறது. இன்னொரு கூட்டம் 3, 7, 9 மூன்றையும் எடுத்து, எஃப் டேஷ் பூச்சியமானால் அங்கே பெருமமோ சிறுமமோ இருந்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கையில் 7ஐப் பெருமமாக்கியது. படத்தில் 7இல் ஒரு கூர்முனை மேல்நோக்கி நிற்பதால் அது பெருமம்போலவும் தெரிந்திருக்கிறது. மூன்றாவது வகை விடை என்னை அதிகம் யோசிக்க வைத்தது: "எஃப் டபுள் டேஷ் எங்கேயும் பூச்சியம் இல்லை, ஆகவே வளைவு மாற்றப் புள்ளி இல்லை." துண்டுகளின் சாய்வு −1, 1, −1, 1 என்றே இருப்பதால் எஃப் டபுள் டேஷ் பூச்சியமாவதே இல்லை என்பது உண்மைதான். ஆனால் 5, 7, 8 என்று மூன்று வளைவு மாற்றப் புள்ளிகள் இருக்கின்றன. இறங்கிக்கொண்டிருந்த எஃப் டேஷ் 5இல் ஏறத் தொடங்குகிறது, 7இல் மறுபடி இறங்கத் தொடங்குகிறது, 8இல் மறுபடி ஏறுகிறது. எஃப்பின் குழிவு திரும்பும் இடங்கள் அவைதான்.

இந்த மூன்று தவறுகளுக்கும் வேர் ஒன்றே. "வகையிடு, பூச்சியத்துக்குச் சமன்செய், மறுபடி வகையிடு, பிரதியிடு, குறி பார்" என்ற வரிசையை மாணவர் மனப்பாடம் செய்திருக்கிறார். ஒவ்வொரு படியும் எதற்கு என்பது கைக்கு வரவில்லை. சமன்பாடு கொடுக்கும் வரை அந்த வரிசை ஓடும். சமன்பாட்டை எடுத்துவிட்டுப் படத்தை வைத்தால் நின்றுவிடும். நிற்பதைக் காட்டிக்கொடுத்தது இந்தக் கேள்வி. அதைக் காட்டிக்கொடுத்ததற்காகத்தான் கேள்வியை நீக்கியிருக்கிறீர்கள். காய்ச்சல் இருக்கிறதென்று காட்டுகிற தெர்மாமீட்டரை உடைத்துப் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மனப்பாட வரிசை சமன்பாட்டிலேயே எங்கே சறுக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். எக்ஸ்⁴ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்தில் எஃப் டேஷும் பூச்சியம், எஃப் டபுள் டேஷும் பூச்சியம். இரண்டாம் வகைக்கெழுச் சோதனை அங்கே வாய் திறக்காது. ஆனால் எஃப் டேஷான 4எக்ஸ்³இன் படத்தைப் போட்டுப் பாருங்கள். அது அச்சைக் கீழிருந்து மேலாக வெட்டுகிறது, சிறுமம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அந்தக் கோடு பூச்சியத்தின் இரு பக்கமும் ஏறிக்கொண்டே இருப்பதால் அங்கே வளைவு மாற்றமும் இல்லை என்று அதே படம் சொல்லிவிடும். எக்ஸ்³க்கு எஃப் டேஷ் 3எக்ஸ்². அது அச்சைத் தொட்டுத் திரும்புகிறது, வெட்டவில்லை. பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. எக்ஸின் மட்டு மதிப்பை எடுத்தால் எஃப் டேஷ் பூச்சியத்துக்கு இடப்பக்கம் −1, வலப்பக்கம் 1. நடுவில் மதிப்பே கிடையாது, ஆனாலும் குறி மாறுகிறது, சிறுமம் இருக்கிறது. "பூச்சியத்துக்குச் சமன்செய்" என்று மட்டும் கற்ற மாணவர் இந்தச் சிறுமத்தைத் தவறவிடுவார்.

படிப்பை விட்டு வெளியே வந்தாலும் நம் ஊரில் இந்தக் கேள்வி தினமும் செய்தித்தாளில் வருகிறது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). பத்திரிகைகள் நாள்தோறும் நீர்வரத்தையும் நீர் திறப்பையும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று போடுகின்றன. நீர்வரத்தில் நீர் திறப்பைக் கழித்தால் கிடைப்பதுதான் அணையின் நீர் இருப்பினுடைய எஃப் டேஷ். "நீர்வரத்து சரிந்தது" என்ற தலைப்பைப் படித்ததும் அணையில் தண்ணீர் குறைகிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் திருப்புதல் தேர்வில் மாணவர் செய்த அதே தவறுதான் இது.

வகுப்புக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். அணையிலிருந்து வினாடிக்கு 10,000 கன அடி சீராகத் திறந்துவிடப்படுகிறது. நீர்வரத்து முதல் நாள் 40,000, அடுத்தடுத்த நாள்களில் 34,000, 28,000, 22,000, 16,000, 10,000, ஏழாம் நாள் 6,000. கழித்தால் 30,000, 24,000, 18,000, 12,000, 6,000, 0, −4,000. நீர்வரத்து முதல் நாளிலிருந்தே இறங்குமுகம்தான். ஆனாலும் ஐந்து நாளும் அணை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. முதல் நாள் மட்டும் 30,000 × 86,400 கன அடி, அதாவது ஏறக்குறைய 2.59 டிஎம்சி சேர்கிறது. ஐந்து நாளின் கழித்த எண்களையும் கூட்டினால் 90,000. அதை 86,400ஆல் பெருக்கினால் சுமார் 7.78 டிஎம்சி. ஆறாம் நாள் வரத்தும் திறப்பும் சமம், இருப்பு அப்படியே நிற்கிறது. உச்சம் அங்கேதான், ஏழாம் நாளிலிருந்து இறக்கம். நீர்வரத்து அதிகமாக இருந்த முதல் நாளில் இருப்பு வேகமாக ஏறியது, ஆனால் இருப்பு உச்சத்தில் இருந்தது ஆறாம் நாளில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவர் ரத்தான கேள்வியை ஐந்தே நிமிடத்தில் முடித்திருப்பார். ஜூன் 12இல் குறுவைக்கு அணை திறப்பார்களா என்று காத்திருக்கும் டெல்டா வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் உள்ள கணக்கு வேறு எது?

கொரோனாக் காலத்தையும் நினைவுபடுத்துகிறேன். தமிழ்நாட்டில் 2021 மே 21இல் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. அதற்குப் பிறகு தினசரி எண்ணிக்கை இறங்கியது. தினசரி எண்ணிக்கை எஃப் டேஷ், மொத்த எண்ணிக்கை எஃப். எஃப் டேஷ் உச்சத்தைத் தொட்ட அந்த நாள் மொத்த எண்ணிக்கையின் வளைவு மாற்றப் புள்ளி. அந்த நாளில் மொத்தம் உச்சத்தைத் தொட்டுவிடவில்லை. அதற்குப் பிறகும் மொத்தம் கூடிக்கொண்டேதான் போனது, கூடும் வேகம்தான் குறைந்தது.

உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

பாடநூலில் இல்லை என்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் ஏழாம் அத்தியாயம் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். ஏறும் சார்பு, இறங்கும் சார்பு, முதல் வகைக்கெழுச் சோதனை, குழிவு, வளைவு மாற்றப் புள்ளி எல்லாம் அங்கே இருக்கின்றன. இந்தக் கேள்வி கேட்டது அவற்றை மட்டும்தான். கடைசிப் பகுதிக்கு வேண்டிய பரப்பு ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகிறது, திருப்புதல் தேர்வுக்குள் அதையும் முடித்துவிடுகிறோம். புக் பேக்கில் இதே வடிவத்தில் ஒரு கேள்வி இல்லை என்பதுதான் உங்கள் ஆட்சேபம் என்றால் அப்படியே சொல்லுங்கள். புக் பேக்கில் இருப்பதை எண்ணைக்கூட மாற்றாமல் கேட்பதுதான் தேர்வு என்று முடிவெடுத்தால், அந்த முடிவை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். வெளியே பாருங்கள். அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி கால்குலஸில் எஃப் டேஷின் வரைபடத்தைக் கொடுத்து எஃப்பைப் பற்றிக் கேட்பது வழக்கமான கேள்வி வகை. சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எச்2 கணிதத்தின் பாடத்திட்டம் எஃப்பின் வரைபடத்தையும் எஃப் டேஷின் வரைபடத்தையும் தொடர்புபடுத்துவதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. நம் பிள்ளைகளும் நாளை அதே கல்லூரிக் கணிதத்துக்குத்தான் போகிறார்கள்.

மெல்லக் கற்போர் பற்றி நீங்கள் சொன்னதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அவர்கள் எங்கே விழுகிறார்கள் என்று விடைத்தாளைப் பார்த்தால் தெரியும். காரணிப்படுத்தலில் விழுகிறார்கள், கழித்தல் குறியை விடுகிறார்கள், பின்னத்தை வகையிடும்போது சிக்குகிறார்கள். மூன்றாம் வரியில் வந்த ஒரு குறிப்பிழையால் கடைசி வரை எல்லாமே தவறாகப் போகிறது. எஃப் டேஷின் படத்தில் இந்த முட்டுக்கட்டை ஒன்றும் இல்லை. கோடு அச்சுக்கு மேலேயா கீழேயா என்று பார்க்கக் காரணிப்படுத்தத் தெரிய வேண்டியதில்லை. இயற்கணிதத்தில் பின்தங்கிய மாணவர் நுண்கணிதத்தின் கருத்தை நேராகத் தொட இருக்கும் ஒரே வாசல் இது. அதை அவர்கள் பெயரைச் சொல்லியே அடைக்கிறீர்கள். தவிர, 90 மதிப்பெண் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஏழும் "அல்லது" வைத்துத்தான் வருகின்றன. படம் பிடிக்காதவருக்கு மாற்றுக் கேள்வி பக்கத்திலேயே இருந்தது. பாதிப்பு உண்மையில் யாருக்கு? ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாடு எழுதி, முதல் துண்டுக்கு எஃப் டேஷ் = 3 − எக்ஸ், எஃப் = 2 + 3எக்ஸ் − எக்ஸ்²/2 என்று தொகையிட்டு எஃப்(3) = 6.5 என்று கண்டுபிடித்த மாணவருக்கு. அவருக்கும், கேள்வி எண்ணை மட்டும் எழுதியவருக்கும் இப்போது ஒரே மதிப்பெண்.

படம் தெளிவாக வருவதில்லை என்பது உண்மை. நகல் எடுத்து நகல் எடுத்துக் கட்டக் கோடுகள் அழிந்துபோகின்றன. 7இல் கோடு அச்சைத் தொடுகிறதா, மயிரிழை கீழே நிற்கிறதா என்று சில பள்ளிகளின் தாளில் தெரியவில்லை. இதற்கு வழி சுலபம். முனைப் புள்ளிகளைக் கறுப்புப் புள்ளியாகக் குறித்து, அவற்றின் ஆயத்தொலைவுகளைப் படத்தின் பக்கத்திலேயே எண்ணாக அச்சிட வேண்டும். "எஃப் டேஷின் வரைபடம், எஃப்பின் வரைபடம் அல்ல" என்று படத்துக்கு மேலே தடித்த எழுத்தில் போட வேண்டும். "இந்த ஐந்து புள்ளிகளை வரிசையாக நேர்கோட்டால் இணைத்தது" என்ற வாக்கியமும் சேர்ந்தால், பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர் அதை வாசித்துக் காட்டவும் முடியும். இன்னொன்று, இது கேள்வி தயாரிப்பவர்களுக்கு மட்டும். ஓர் இடைவெளி முழுவதும் வகையிடத்தக்க சார்பின் எஃப் டேஷ், ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு நடுமதிப்புகளை விட்டுத் தாவ முடியாது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் டார்பு 1875இல் நிறுவியது இது. ஆகவே எஃப் டேஷின் படத்தில் தாவல் வைத்தால் அந்தப் புள்ளியில் இரண்டு பக்கமும் வெற்று வட்டம்தான் போட வேண்டும். ஒரு பக்கம் நிரப்பிய புள்ளி வைத்தால் கேள்வியே தவறு.

திருத்துவதில் குழப்பம் வந்ததற்குக் காரணம் விடைக்குறிப்பு. அதில் விடைகள் மட்டும் இருந்தன, எந்தக் காரணத்துக்கு மதிப்பெண் என்று இல்லை. "அது இறங்குவதால்" என்று மாணவர் எழுதினால் எது இறங்குகிறது? எஃப்பா, எஃப் டேஷா? சிலர் மதிப்பெண் போட்டார்கள், சிலர் போடவில்லை. காரணத்தில் எஃப் அல்லது எஃப் டேஷ் என்று பெயர் சொல்லியிருக்க வேண்டும், "அது" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை என்று ஒரு வரி விடைக்குறிப்பில் இருந்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. ஏபி தேர்விலும் குறி அட்டவணையை மட்டும் போட்டால் அதைக் காரணமாக ஏற்பதில்லை, வாக்கியமாக எழுத வேண்டும். இந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம். இறங்கும் இடைவெளியும் எஃப் டேஷ் அச்சுக்குக் கீழே இருக்கிறது என்ற காரணமும் 1, பெருமமும் சிறுமமும் குறி மாறும் திசையோடு 1, எக்ஸ் = 7இல் குறி மாறவில்லை என்று சொன்னால் 1, வளைவு மாற்றப் புள்ளிகள் மூன்றும் எஃப் டேஷ் திரும்புவதைக் காட்டி 1, முனைகளோடு ஒப்பிட்ட 1.5 என்ற மதிப்புக்கு 1.

கற்பிக்க நேரமில்லை என்று குறிப்பில் எழுதவில்லை என்றாலும் கூட்டங்களில் அது பேசப்படுகிறது. இரண்டு பாடவேளை போதும். வரைபடத்தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு ஜோடி அச்சுகள், மேலே எஃப்புக்கு, கீழே எஃப் டேஷுக்கு. இரண்டுக்கும் கிடை அச்சின் அளவுத்திட்டம் ஒன்றாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வீண். முதல் வேளையில் எக்ஸ்³ − 6எக்ஸ்² + 9எக்ஸ் + 1 என்ற வளைவை மேலே வரைந்து, அளவுகோலை வளைவின் மீது தொடுகோடாக வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். எக்ஸ் = 1இல் அளவுகோல் கிடையாகப் படுக்கும், 2இல் மிகச் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சாயும், 3இல் மறுபடி படுக்கும். சாய்வுகளைக் கீழே புள்ளியாக வைத்தால் 1இலும் 3இலும் அச்சை வெட்டி, 2இல் −3ஐத் தொடும் பரவளையம் தானாக வரும். புள்ளிகளை இணைத்த பிறகுதான் 3(எக்ஸ் − 1)(எக்ஸ் − 3) என்ற சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டும்.

இரண்டாம் வேளையில் திசையைத் திருப்பிவிட வேண்டும். கீழே எஃப் டேஷ் மட்டும் இருக்கும், மேலே காலி. முதல் வேலையாக எஃப் டேஷின் கோட்டை மறந்துவிட்டு, கிடை அச்சை ஒட்டிக் கலர் பென்சிலால் கூட்டல், கழித்தல் குறி மட்டும் போடச் சொல்லுங்கள். பிறகு வெட்டும் இடங்களிலிருந்து மேலே உள்ள அச்சு வரை புள்ளிக்கோடு இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எஃப்பை வரைவது. தொடங்கும் உயரத்தை ஆசிரியர் சொல்லாவிட்டால் ஒவ்வொருவர் வளைவும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கும். அவற்றை அடுக்கி வைத்து ஒப்பிட்டால், தொகையிடும்போது கூட்டுகிற மாறிலி எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்கத் தேவையிருக்காது. இங்கே ஒரு தவறு தவறாமல் வரும்: எஃப் டேஷில் முனை இருக்கும் இடத்தில் எஃப்பிலும் முனை போட்டுவிடுவார்கள். ரத்தான கேள்வியில் 5இலும் 7இலும் 8இலும் எஃப் வழவழப்பாகவே போகிறது, பரவளையத் துண்டுகள் சாய்வு முறியாமல் இணைகின்றன. எஃப் டேஷ் தாவினால்தான் எஃப்பில் முனை வரும். இதை அந்த வேளையிலேயே திருத்திவிட வேண்டும், பிறகு திருத்துவது கடினம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. இத்தகைய கேள்விகளுக்குத் தடை விதித்த குறிப்பை அடுத்த திருப்புதல் தேர்வுக்கு முன் திரும்பப் பெறுங்கள். ரத்தான கேள்வியை எழுதிய விடைத்தாள்களை மேலே சொன்ன மதிப்பெண் பிரிவின்படி ஒரு முறை திருத்தி, மாணவரிடம் திரும்பக் கொடுங்கள். போட்ட ஐந்து மதிப்பெண்ணை எடுக்க வேண்டாம், ஆனால் எங்கே தவறினார் என்று ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். இனி வரும் ஒவ்வொரு முழுப்பாடத் தாளிலும் எஃப் டேஷின் படத்தை வைத்து ஒரு கேள்வியாவது, தொடக்கத்தில் இரண்டு அல்லது மூன்று மதிப்பெண் அளவிலாவது, இருக்கட்டும். அதன் படத்தோடு புள்ளிகளின் எண்களையும் அச்சிடுங்கள், விடைக்குறிப்பில் விடையோடு காரணத்துக்கான மதிப்பெண்ணையும் எழுதுங்கள். திருத்தும் பணிக்கு முந்தைய நாள் அரை மணி நேரம், ஐந்தாறு மாதிரி விடைத்தாள்களை எல்லோரும் சேர்ந்து திருத்திப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பாடநூல் திருத்தத்துக்குக் கருத்துக் கேட்கப்படும்போது, ஏழாம் அத்தியாயத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு வரைபடங்கள் கொண்ட ஒரு பயிற்சித் தொகுதியைச் சேர்க்கும்படி உங்கள் குழுவின் பெயரில் எழுதி அனுப்புங்கள். பயிற்சிக் கணக்குகளை விடையோடு தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், அதுவும் மூன்றாம் திருப்புதல் தேர்வின் வினாத்தாள் அச்சுக்குப் போவதற்கு முன்பாக வேண்டும்.

இப்படிக்கு,
பிளஸ் டூ கணிதம் கற்பிக்கும் முதுகலை ஆசிரியர் ஒருவர்